மூன்றாம் லயத்து லான்

நாற்பது வருடம் எஸ்டேட் ஆபீஸில் இருந்தவன் நான். அதில் நான் எழுதிய பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஒரு சரிக்குறி. கார்பன் தாள் வைத்துப் போட்டதால் மூன்று பிரதி ஆகிவிட்டது. ஒன்று துரைக்கு, ஒன்று போலீஸுக்கு, ஒன்று ஆபீஸ் பைலுக்கு. இன்றைக்கு ஆபீஸ் வேலைக்குப் போகிற பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1. மூன்று கட்டம்

மலாயாவில், ஈஜோக்கிலிருந்து உள்ளே நாலு மைல் போனால் ரப்பர் தோட்டம். வெள்ளைக்கார ஆட்சியின் எமர்ஜென்சி காலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் ஆட்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்று அரசாங்கம் ஒரே பிடியாக நின்றது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயங்களை, கூலிக்காரர்களின் வரிசை வீடுகளை, பிரித்து ஒரே இடத்தில் கட்டி, சுற்றி முள்கம்பி போட்டார்கள். ஒரே ஒரு கேட். காலையில் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். ஒரு பிடி சோறு வெளியே போக முடியாது.

அந்த நேரத்தில்தான் சின்னக் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, வந்து சேர்ந்தேன். என் அப்பா சுங்கை சோ தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கப்போகிற முதல் ஆள் நான். ஆனால் ஒரு வருடம் புரொபேஷன். தோட்ட மேனேஜரான வெள்ளைக்காரத் துரைக்குப் பிடிக்கவில்லை என்றால் ஒரு வார நோட்டீஸ், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அப்பா அதற்குள் கோவில், கடை, முடிவெட்டுகிற இடம் எல்லாவற்றிலும் சொல்லிவிட்டார். திரும்பிப் போனால் அவர் முகத்தில் முழிக்க முடியாது. அந்த வருடம் முழுக்க நான் பயந்தே செத்தேன்.

முதல் நாள் பெரிய கிராணியார் ஒரு கட்டுத் தாளை என் கையில் கொடுத்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அம்பலவாணர் என்று பேர். தன் கையெழுத்து விழாமல் எந்தத் தாளையும் அடுத்தவன் பக்கம் தள்ளிவிடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"தம்பி சூசை, போலீஸ் உத்தரவு வந்திருக்கு. கம்பி வேலியில இருந்து அம்பது அடிக்குள்ள சாப்பிடுற சாமான் ஒண்டும் முளைக்கக் கூடாது. நீர் லயம் லயமாப் போய்ப் பாத்து இதில குறியும். கையெழுத்தையும் நீரே வையும்."

பாரம் என்று நாங்கள் சொல்கிற அந்தப் படிவத்தில் வீட்டு நம்பருக்கு எதிரே மூன்று கட்டம் இருந்தது. லான் என்கிற புல்தரை, பூந்தோட்டம், காய்கறி. முதல் இரண்டில் குறி விழுந்தால் செடி பிழைத்தது. மூன்றாவதில் விழுந்தால் மறுநாள் ஆள் வந்து பிடுங்கிவிடும்.

அந்தப் பாரத்தை அடித்தவர் எங்கள் சனத்தின் வீட்டைப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். எங்கள் ஆட்களுக்கு வீட்டுக்கு முன்னால் இருப்பது வாசல். அதில் ஒரு புல் தலைகாட்டக் கூடாது. பெருக்கி, சாணித் தண்ணீர் தெளித்து, மண் தரை வழவழவென்று இருந்தால்தான் அது வீடு. வாசலில் புல் முளைத்துவிட்டால் அந்த வீட்டுப் பொம்பளைக்கு உடம்பு சரியில்லை, இல்லாவிட்டால் புருசனோடு சண்டை என்று பேசிக்கொள்வார்கள். முருங்கை, கறிவேப்பிலை, மிளகாய், கீரை எல்லாம் வீட்டுக்குப் பின்னால். வேலிக்குள் நெருக்கம் எப்படி என்றால், எந்தப் பின்வாசலில் நின்று அளந்தாலும் ஐம்பது அடிக்குள் கம்பி வந்துவிடும். நான் போட்ட குறி அத்தனையும் மூன்றாவது கட்டத்திலேயே விழுந்தது.

பாரத்தில் ஏதோ கோளாறு என்று பெரிய கிராணியாரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"எங்கட ஊரில தோட்டம் எண்டால் வெங்காயம், மிளகாய், போயிலை. பூவுக்கெண்டு ஒருத்தனும் கிணத்தில தண்ணி இறைக்கிறேல்ல. எனக்கும் விளங்கேல்லத்தான்," என்றார். பிறகு தாளை என் பக்கம் தள்ளினார். "ஆனா நான் இதைக் காணேல்ல."

2. புல் வளர்க்கச் சொன்னார்கள்

மறுநாள் ஆட்கள் வந்து பிடுங்கினார்கள். முருங்கையை அடியோடு வெட்டினார்கள். மூன்றாம் லயத்தில் செவத்தா என்று ஒருத்தி இருந்தாள். பால்மரம் வெட்டுகிறவள், நாலு பிள்ளை, வாய் துடுக்கு. பாரமும் கையுமாக நின்ற என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அரிசிய அளந்து குடுக்கிறீங்க, சரி. கம்பி போட்டீங்க, அதுவும் சரி. கறிவேப்பில என்ன பண்ணுச்சு கிராணியாரே? துப்பாக்கியா புடிச்சுச்சு?"

"மேலிடத்து உத்தரவும்மா."

"அந்த மேலிடத்துல இருக்கிறவரு ரசத்துக்கு என்னத்தப் போடுவாராம்?"

பாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவை கோலசிலாங்கூரிலிருந்து வருகிற லோரிதான் கதி. அதில் வாடின முட்டைக்கோசும் முற்றின கத்தரிக்காயும் வரும். பச்சைக்கீரை கண்ணில் படாமல் பிள்ளைகளுக்கு வாயெல்லாம் புண். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, அந்தக் குறி அத்தனையும் என் பேனா போட்டது.

இந்த நேரத்தில் துரையின் பெண்சாதி, துரைசாணி, சீமையிலிருந்து வந்து இறங்கினார். நல்ல மனசுக்காரர். வேலிக்குள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, மொட்டை மண்ணைக் கண்டு அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஜெயில் மாதிரி இருக்கிறது, ஒவ்வொரு லயத்துக்கும் முன்னால் லான் போட வேண்டும் என்றார். துரை என்னைக் கூப்பிட்டார். அவர் பரீட்சை எழுதித் தமிழ் பாஸ் பண்ணியவர்.

"சூசை, நீ லயத்துக்குப் போய்ச் சொல்லு. லான் போடணும். பச்சை வேணும். எந்த லயம் நல்லா போட்டது, அதுக்கு மேம் பெரிய பிஸ்கட் டின் குடுக்கும்."

மறுநாள் காலை பெரட்டில், ஆட்களைப் பேர் கூப்பிடுகிற அந்தக் களத்தில், நான் எழுந்து லான் என்றால் என்ன என்று விளக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான பேச்சை நான் பேசியதில்லை.

"புல்லு வளக்கணுமா? எதுக்கு, மாட்டுக்கா?" என்று கேட்டாள் செவத்தா.

"மாடு கட்டக் கூடாது."

"அப்ப கோழிக்கா?"

"யாருக்கும் இல்லம்மா. பாக்கிறதுக்கு."

"சரி, வளந்துரும். அப்புறம்?"

"வெட்டிரணும். வளர விடக் கூடாது."

"வளரக் கூடாதுன்னா எதுக்கு நடணும்?"

பெரட்டே சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள் கருப்பையா மண்டோர். அவர் புல்லுவெட்டு கேங்கை மேய்க்கிற மேஸ்திரி. இருபது வருடமாக ரப்பர் மரத்தடியில் லாலான் புல்லின் வேர்கூட இல்லாமல் எடுத்து, அதற்காக மூன்று துரைமாரிடம் நல்ல பேர் வாங்கியவர்.

"கிராணியாரே, புல்லப் புடுங்கித்தான் எம்புள்ளைங்களுக்குச் சோறு போட்டேன். இப்ப என் வீட்டு வாசல்லயே புல்லு நடச் சொல்றீங்க. மேம் சாப் ஊருல சோறு திங்கிற தட்டுல புல்லு வளப்பாங்களா?"

உத்தரவு என்பதால் நட்டார்கள். எதுவும் பிடிக்கவில்லை. மண் சரியில்லை என்று நான் ரிப்போர்ட் எழுதினேன். பிறகுதான் தெரிந்தது, கருப்பையா மண்டோர் பல் விளக்கிக்கொண்டே லயம் லயமாக நடந்து போவார், கை தானாகக் கீழே போய்ப் பிடுங்கிவிடும். திட்டம் போட்டுச் செய்யவில்லை, பழக்கதோஷம்.

ஒரு நாள் செவத்தா ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள்.

"அந்த லானு எப்புடி இருக்கணும்? மறுபடி சொல்லுங்க."

"பச்சையா இருக்கணும். தரையோட படிஞ்சிருக்கணும். ஒரே மட்டமா இருக்கணும்."

"புல்லாத்தான் இருக்கணும்னு எழுதியிருக்கா?"

உத்தரவை எடுத்துப் படித்துப் பார்த்தேன். இல்லை.

"எழுதல," என்றேன்.

"சரிங்க," என்று போய்விட்டாள். அவள் அவ்வளவு மரியாதையாகப் பேசியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

3. வெள்ளிக்கிழமை வெட்டு

கேட்டில் வெளியே போகிறதைத்தான் சோதிப்பார்கள். உள்ளே வருகிறதை யாரும் பார்க்கமாட்டார்கள். மூன்றாம் லயத்துப் பெண்கள் மரம் வெட்டி முடித்துத் திரும்பும்போது, வாய்க்கால் ஓரத்தில் கிடந்த வல்லாரையை வேரும் மண்ணுமாக ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்திருக்கிறார்கள். பால் வாளி கழுவின தண்ணீரை ஊற்றி இரண்டு மாதம் வளர்த்தார்கள். ஓரத்துக்குப் பொன்னாங்கண்ணி. கருப்பையா மண்டோர் அதன்மேல் கை வைக்கவில்லை. அவர் பெண்சாதியே சாக்குச் சுமந்தவர்களில் ஒருத்தி.

அடுத்த தடவை பாரத்தோடு நான் போனபோது மூன்றாம் லயத்துக்கு முன்னால் பச்சைப் பாய் விரித்திருந்தது. தரையோடு படிந்திருந்தது. ஒரே மட்டமாக இருந்தது. எட்டிப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. என் அம்மா எனக்கு வல்லாரை கொடுத்துத்தான் பள்ளிக்கூடப் பாடத்தை மண்டையில் ஏற்றினாள்.

"செவத்தா, இது என்னம்மா?"

"லானுங்க."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன். மூன்றாவது கட்டத்தில் குறி போட்டால் நாளைக்கு இது இருக்காது. முதல் கட்டத்தில் போட்டால், கண்டுபிடித்த நாளில் நான் இருக்கமாட்டேன். வேலை போவது மட்டுமா? சாப்பாட்டு விஷயத்தில் போலீஸுக்குப் பொய் எழுதினவனை அந்தக் காலத்தில் சும்மா விடமாட்டார்கள். அப்போது செவத்தாவின் கடைசிப் பிள்ளை ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டியது. துவையல். காய்ந்த மிளகாய், புளி, கொஞ்சம் தேங்காய். நியாயத்துக்காகத்தான் குறி போட்டேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பாதி அந்தத் துவையலுக்காகப் போட்டேன்.

லான் என்று குறி விழுந்ததும் மற்ற லயத்துக்காரர்களுக்கும் லான்மேல் திடீர்ப் பிரியம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வெயில் சாய்ந்ததும் பெண்கள் கத்தியும் முறமுமாக உட்கார்ந்து லானை வெட்டுவார்கள். 'லான் வாரம் ஒரு முறை ஒழுங்காக வெட்டப்படுகிறது' என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். வேறு எந்தத் தோட்டத்திலும் இப்படிச் சொல்லாமல் செய்கிறவர்கள் இல்லை என்று துரை பக்கத்துத் தோட்டத்துத் துரையிடம் பெருமையடித்தாராம். பெரிய கிராணியார் மட்டும் ஒருநாள் தன் சாப்பாட்டைத் திறந்து அதிலிருந்த வல்லாரைத் துவையலை முகர்ந்துவிட்டு, "தம்பி, லான் நல்ல ருசி. ஆனா நான் காணேல்ல," என்றார்.

4. துரைசாணி செருப்பைக் கழற்றினார்

ஆறு மாதம் போனது. ஒரு நாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். துரையும் துரைசாணியும் கூட வந்தார்கள். கேட்டுக் காவலுக்குப் பொறுப்பான கோப்ரல் டாவுட் துப்பாக்கியோடு பின்னால் வந்தார். டாவுட் அசாம் ஜாவா கிராமத்து மலாய்க்காரர். பெகாகா என்று அவர்கள் சொல்கிற வல்லாரையை மிளகாய்ச் சம்பாலோடு பச்சையாகவே தின்கிற ஊர். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டு, "கிராணி, நான் சொல்ல மாட்டேன் லா. ஆனா என் பொஞ்சாதி கொஞ்சம் கேக்குது," என்று வாரப் பங்கு வாங்கிக்கொண்டிருந்தவர்.

அதிகாரி மூன்றாம் லயத்துக்கு முன்னால் நின்றார். குனிந்தார். ஒரு இலையைக் கிள்ளினார்.

"இது புல் இல்லையே. என்ன இது?" என்று இங்கிலீஷில் என்னைக் கேட்டார்.

"லான், சார்."

"அது தெரிகிறது. இந்தச் செடிக்குப் பேர் என்ன?"

சுங்கை சோவில் அப்பா கோவில் வாசலில் நின்று என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. நான் பேனா மூடியையே திருகிக்கொண்டு நிற்கவும் அதிகாரி டாவுட் பக்கம் திரும்பினார். டாவுட் என்னைக் காப்பாற்றத்தான் நினைத்தார். சாப்பாடு என்று சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர் யோசித்தது.

"ஊபாட், துவான்," என்றார் மலாயில். மருந்து, ஐயா என்று அர்த்தம்.

அரிசி வெளியே போனால்கூட மன்னிப்பு உண்டு, மருந்து போனால் கிடையாது. அதிகாரி சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"மருந்தா? எதற்கு மருந்து? காயத்துக்கா? காய்ச்சலுக்கா?"

டாவுட் துப்பாக்கியைத் தோள் மாற்றினார். "இல்ல துவான். மறதிக்கு."

"மறதிக்கா?"

"தின்னா ஞாபகம் வரும், துவான்."

அதிகாரி இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தார். காட்டில் இருக்கிறவர்களுக்கு ஞாபகசக்தி கூடினால் அது அரசாங்கத்துக்கு ஆபத்தா என்பது உத்தரவில் இல்லை. அவர் மறுபடி என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தபோது, துரைசாணி இரண்டு செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு லானில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

"வந்த நாளிலிருந்து இதற்குத்தான் ஏங்கினேன்," என்றார். "பங்களாவில் புல் எல்லாம் காலைக் குத்துகிறது. எனக்கு இதுதான் வேண்டும். இதே செடி."

துரைசாணி காலை வைத்த இடத்தைத் துரைக்கு முன்னால் காய்கறி என்று சொல்ல அதிகாரிக்குத் தைரியம் வரவில்லை. நோட்டை மூடினார். ஆனாலும் விடவில்லை. வாரம் ஒரு முறை வெட்ட வேண்டும், வெட்டியதை நெருப்பில் போட்டு அழிக்க வேண்டும், சின்னக் கிராணி நேரில் பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் 'என் முன்னிலையில் நெருப்பில் ஏற்றப்பட்டது' என்று எழுதினேன். அது பொய் இல்லை. நெருப்புக்கும் இலைக்கும் நடுவில் ஒரு சட்டி இருந்தது, அவ்வளவுதான்.

பிஸ்கட் டின் மூன்றாம் லயத்துக்குக் கிடைத்தது. பங்களா லானைச் செவத்தாவும் ஐந்து பெண்களும் போய் நட்டார்கள். மேட்டு நிலம், நல்ல தண்ணீர், லயத்தைவிடச் செழிப்பாக வந்தது. அதையும் தாங்களே வந்து வெட்டித் தருவதாகச் சொன்னார்கள். கூலி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். இப்படி ஒரு விசுவாசத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று துரைசாணி சீமைக்குக் கடிதம் எழுதினாராம்.

5. தட்டு

என் ஒரு வருடம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, எங்கள் பகுதியில் ஆபத்து நீங்கிவிட்டது என்று கட்டுப்பாட்டை எடுத்தார்கள். யாரும் எதையும் நடலாம். திங்கட்கிழமை உன் வேலை நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்று துரையும் சொல்லிவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெள்ளிக்கிழமை லயத்துக்குப் போனேன். பின்வாசல்களில் மிளகாய், கீரை, முருங்கைக் குச்சி. வல்லாரையும் சாக்கடை ஓரத்துக்கு இடம் மாறியிருந்தது. முன்னால் லான் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கருப்பையா மண்டோர் ஒரே காலையில் வேரோடு எடுத்து, கேங்கை விட்டுப் பெருக்கி, சாணி தெளிக்க வைத்திருந்தார். "இப்பத்தான் மனுசன் வீடு மாதிரி இருக்கு," என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்துத் துரைசாணி இரண்டாவது பிஸ்கட் டின்னோடு வந்துவிட்டார். மண்ணைப் பார்த்தார். டின் கையிலேயே இருந்தது.

"யார் இதைச் செய்தது? கட்டுப்பாடுதான் தளர்ந்துவிட்டதே, இனிமேல்தானே அழகாக வைத்துக்கொள்ளலாம்?"

நான் செவத்தாவிடம் தமிழில் சொன்னேன். செவத்தாவுக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. பெஞ்சை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். உள்ளே போய் ஒரு தட்டில் சோறும் துவையலும் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். துரைசாணி ஒரு வாய் சாப்பிட்டார். உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு வாய் சாப்பிட்டார்.

"நன்றாக இருக்கிறது. இது என்ன?"

"சொல்லுங்க கிராணியாரே," என்றாள் செவத்தா.

வாய்க்கு வந்த எந்தப் பேரையும் சொல்லியிருக்கலாம். இங்கிலீஷ் தெரிந்தவன் அங்கே நான் ஒருத்தன்தான். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள். ஆனால் நாலு பிள்ளைக்காரி தன் வீட்டுச் சோற்றைக் கொடுத்துவிட்டு, நான் அதற்கு என்ன பேர் சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அதற்குமேல் பொய் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"மேடம், அது லான்," என்றேன்.

அவர் தட்டைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பங்களாவில் இருப்பது?"

"அதுவும்தான் மேடம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்."

"பாரத்தில் லான் என்று குறி போட்டது நீங்கள்தானே?"

"ஆமாம் மேடம். தெரிந்துதான் போட்டேன்."

அவர் இன்னொரு வாய் எடுத்து மென்றார். அதை விழுங்கி முடிப்பதற்குள் நான் பெட்டியைக் கட்டி, பஸ் ஏறி, சுங்கை சோவில் இறங்கி, அப்பா முன்னால் போய் நின்றாகிவிட்டது.

"நான் அதில் செருப்பில்லாமல் நடந்திருக்கிறேன்," என்றார் கடைசியில். "அப்போது அது லான்தான். நீங்கள் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள்." பிறகு தட்டைச் செவத்தாவிடம் நீட்டினார். இன்னும் கொஞ்சம் போடச் சொல்வதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை துரை கூப்பிட்டார். கடிதம் மேசைமேல் இருந்தது. கையெழுத்துப் போட்டுத்தான் இருந்தது. அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை முறைத்தார்.

"சூசை, நேத்து மேம் என் லானைச் சமைச்சது."

"சார்."

"ரொம்பக் கசப்பு. நான் முழுக்கச் சாப்பிட்டேன். என்ன போடணும்?"

"புளி, சார். கொஞ்சம் தேங்காய்."

ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டுதான் கடிதத்தைக் கொடுத்தார்.

அது பொய்யா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானமாகச் சொல்ல வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு முப்பத்தொன்பது வருடம், எந்தப் பாரம் என் மேசைக்கு வந்தாலும், குறி போடுவதற்கு முன்னால் அந்த வீட்டு அடுப்பங்கரையில் போய் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் போட்டேன்.